பிளாக் கோபாலிமரில் விகிதம் மாறும்போது டிஜி ஏன் நகர்வதில்லை, ஓட்டம் ஏன் தலைகீழாகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிளாக் கோபாலிமர் என்பது வெவ்வேறு மோனோமர்களின் (சங்கிலியைக் கட்டும் சிறு அலகுகளின்) நீண்ட துண்டுகளை ஒரே சங்கிலியில் கோத்த பாலிமர். அதில் ஸ்டைரீன்–பியூட்டடையீன்–ஸ்டைரீன், அதாவது எஸ்பிஎஸ் வகையில் மூன்று மாதிரிகள். மூன்றிலும் மொத்த மூலக்கூறு எடை ஏறக்குறைய 1 லட்சம்; ஸ்டைரீன் எடை விகிதம் மட்டும் 20, 30, 45 சதவீதம். ஸ்டைரீன் கூடக் கூட டிஜி, அதாவது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கண்ணாடிபோல் விறைத்த பொருள் இளகத் தொடங்கும் இடம்), படிப்படியாக ஏறும் என்று எதிர்பார்த்தீர்கள். ஆனால் டிஎஸ்சி, அதாவது சூடாக்கும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி, மூன்றிலும் மைனஸ் 90 அருகே ஒரே இடத்தில் ஒரு படியைக் காட்டுகிறது. மேல்பக்கத்தில் 20 சதவீத மாதிரியில் ஒன்றும் இல்லை, 30-இல் ஏதோ லேசான வளைவு, 45-இல்தான் 90-ஐத் தாண்டி ஒரு படி. உருக்கின் பாகுநிலையோ (ஓட்டத்துக்கு அது காட்டும் தடை) எந்தச் சராசரிக் கணக்குக்கும் அடங்காமல் பல மடங்கு தாவுகிறது. கருவியில் கோளாறா, மாதிரியில் கோளாறா என்று கேட்கிறீர்கள்.

இரண்டிலும் இல்லை. கோளாறு 'சராசரி' என்ற எதிர்பார்ப்பில் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு வந்த இடம் தெரிந்ததுதான். டயருக்குப் போகும் சாதாரண எஸ்பிஆர் ரப்பரிலும் இதே இரண்டு மோனோமர்கள்தான், ஸ்டைரீன் சுமார் 23.5 சதவீதம். ஆனால் அங்கே அவை சங்கிலி நெடுகக் கலந்து கிடக்கின்றன. அதனால் அதற்கு ஒரே டிஜி; மைனஸ் 50-லிருந்து மைனஸ் 55 வரை வரும். கலவையின் டிஜியைக் கணிக்கும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் பாலிஸ்டைரீனுக்கு 100 டிகிரி, எமல்ஷன் முறையில் செய்த பாலிபியூட்டடையீனுக்கு மைனஸ் 80 என்று போட்டால் கணக்கும் அங்கேதான் போய் நிற்கும். அதே 23.5 சதவீதத்தை ஒரே நீளத் துண்டாகச் சங்கிலியின் முனைகளில் கட்டினால் கதை வேறு. வேதியியல் பகுப்பாய்வில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்; ஆனால் ஒன்றுக்கு ஒரு டிஜி, மற்றொன்றுக்கு இரண்டு. சதவீதம் என்ற ஒற்றை எண் பிளாக் கோபாலிமரைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏன் இரண்டு? நீண்ட சங்கிலிகளுக்குக் கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி லாபம் மிகச் சிறிது. இரண்டு வகை மோனோமர்களுக்கும் இடையே சின்ன வெறுப்பு இருந்தால்கூட, சங்கிலி நீளத்தால் அது பெருகிப் பிரிவினை வந்துவிடும். ஆனால் இரண்டு துண்டுகளும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை; எண்ணெயும் தண்ணீரும் போலத் தனித்தனி அடுக்காக ஓட வழியில்லை. அதனால் 10 முதல் 50 நானோமீட்டர் அளவில் சின்னச் சின்னத் திட்டுகளாகப் பிரிந்து நின்றுகொள்கின்றன. அந்த வெறுப்பின் அளவுதான் ஃப்ளோரி–ஹக்கின்ஸ் எண். அதைச் சங்கிலி நீளத்தால் பெருக்கினால் வரும் தொகை, சரிபாதி விகிதமுள்ள இருதுண்டுச் சங்கிலிக்குச் சுமார் 10.5-ஐத் தாண்டினால் பிரிவினை. இது லீப்ளர் 1980-இல் தந்த கணக்கு. இருபக்கமும் சமமான மூன்றுதுண்டுச் சங்கிலிக்கு, மொத்த நீளத்தை வைத்துப் பார்த்தால், அந்த எல்லை 18 அருகே. விகிதம் ஒரு பக்கமாகச் சாயச் சாய எல்லை மேலேறும். உங்கள் மாதிரிகளுக்கு அந்த எண் பேச்சுக்கு 0.05 என்று வைத்தாலும், சங்கிலியில் ஆயிரத்துக்கு மேல் மோனோமர்கள் இருக்கின்றன. பெருக்கினால் 50-ஐத் தாண்டும். ஆக அறை வெப்பநிலையில் மூன்றுமே நன்றாகப் பிரிந்து நிற்பவைதான்.

பிரிந்து நிற்கும்வரை ஒவ்வொரு திட்டும் தன் சொந்த டிஜியோடுதான் இருக்கும். பியூட்டடையீன் பகுதிக்குப் பக்கத்தில் ஸ்டைரீன் 20 சதவீதம் இருந்தால் என்ன, 45 இருந்தால் என்ன? அது தன் வீட்டுக்குள் மைனஸ் 90-இல் இளகுகிறது. விகிதத்தோடு மாறுவது படியின் இடம் இல்லை, படியின் உயரம். டிஎஸ்சியில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பாலிஸ்டைரீன் டிஜியில் வெப்பக் கொள்ளளவு ஏறுவது கிராமுக்கு, டிகிரிக்குச் சுமார் 0.3 ஜூல். 20 சதவீத மாதிரியில் அது 0.06. அந்த 0.06-ம் கூர்மையான படியாக வராமல் 30 டிகிரி அகலத்துக்குப் பரவி வந்தால், அடிக்கோட்டின் சாதாரண வளைவில் கரைந்துபோகும். 'மேல் டிஜி இல்லை' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். இருக்கிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். டிஎம்ஏவில் வைத்துப் பாருங்கள், அதே 20 சதவீத மாதிரியிலும் தெரிந்துவிடும். அது வெப்பத்தை அளக்காமல் விறைப்பை அளக்கிறது. சங்கிலிகளைக் கட்டிவைக்கும் முடிச்சுகளான ஸ்டைரீன் திட்டுகள் இளகும்போது ரப்பர் தொய்வதை மறைக்க முடியாது. டிஎம்ஏ 1 ஹெர்ட்ஸில் காட்டும் உச்சம் டிஎஸ்சி எண்ணைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே இருந்தால் பயப்பட வேண்டாம், அது அளவிடும் வேகத்தின் விளைவு.

ஏன் பரவி வருகிறது, ஏன் 100-க்குக் கீழேயே நிற்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, துண்டு குட்டை. மொத்த எடை 1 லட்சம், ஸ்டைரீன் 20 சதவீதம் என்றால் ஒரு முனைக்கு 10,000தான். ஃபாக்ஸ்–ஃப்ளோரி கணக்குப்படி அந்த எடையுள்ள பாலிஸ்டைரீனின் டிஜி தனியாக இருந்தாலே 10 டிகிரி போலக் குறையும். இரண்டாவது, எல்லைப் பகுதி. 15 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு ஸ்டைரீன் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி ஓட்டில் 1 நானோமீட்டர் ஆழம் மட்டும் ரப்பரோடு கலந்திருக்கிறது என்றாலே, கன அளவில் அது மூன்றில் ஒரு பங்குக்குமேல். மையத்தில் இருக்கும் ஸ்டைரீன் ஒரு வெப்பநிலையில் இளகும், ஓரத்தில் இருப்பது அதற்கு முன்பே இளகும். படி சாய்ந்து போகாமல் என்ன செய்யும்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 'விகிதத்தின் விளைவு' என்று நீங்கள் அளப்பதில் பாதி, துண்டு நீளத்தின் விளைவு. மொத்த எடையை மாற்றாமல் சதவீதத்தை ஏற்றும்போது ஸ்டைரீன் துண்டும் நீள்கிறது, பியூட்டடையீன் துண்டும் குறுகுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், ஸ்டைரீன் துண்டை 10,000-இலேயே நிறுத்தி நடுத்துண்டை மட்டும் மாற்றிய இன்னொரு வரிசை வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில்கூட இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் 'கலவை விகிதம்' என்ற தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

கீழ் டிஜி பற்றி ஒரு வரி. அது மைனஸ் 90-ஐ விட்டு மேலே நகர்ந்தால் ஸ்டைரீனைச் சந்தேகிப்பதற்கு முன் வினைல் அளவை (1,2 வழியில், அதாவது பக்கக் கிளை விட்டுச் சேர்ந்த பியூட்டடையீனின் பங்கை) பாருங்கள். வினையின்போது டெட்ராஹைட்ரோஃபியூரான் மாதிரி ஒரு போலார் பொருள் கொஞ்சம் கலந்திருந்தாலும் பியூட்டடையீன் 1,2 வழியில் சேர ஆரம்பிக்கும். டிஜி பல பத்து டிகிரி ஏறிவிடும்.

சரி, விகிதம் உண்மையில் எதைத் தீர்மானிக்கிறது? திட்டுகளின் வடிவத்தை. அதிலும் எடை விகிதம் அல்ல, கன அளவு விகிதம். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05, பாலிபியூட்டடையீனுக்கு 0.9 என்று எடுத்தால் உங்கள் 20, 30, 45 என்பவை கன அளவில் ஏறக்குறைய 18, 27, 41. சிறுபான்மைத் துண்டு பதினைந்து பதினெட்டு சதவீதத்துக்குள் இருந்தால் உருண்டைகள். அதற்குமேல் முப்பது சொச்சம் வரை நீள உருளைகள். பிறகு ஒரு குறுகிய இடைவெளியில் ஜைராய்டு என்ற பின்னிப் பிணைந்த வலை. அதற்கப்பால் அறுபது சொச்சம் வரை தட்டையான அடுக்குகள். அதையும் தாண்டினால் எல்லாம் தலைகீழ்: ஸ்டைரீன் கடலாகவும் ரப்பர் தீவாகவும் மாறும். ஸ்டைரீன் 75 சதவீதம் போல உள்ள எஸ்பிஎஸ் வகைகள் ரப்பரே அல்ல. கண்ணாடி மாதிரித் தெளிவான, எளிதில் உடையாத பிளாஸ்டிக்குகள். இரண்டு டிஜிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொடர்ச்சியாக இருப்பது எது என்பதுதான் மாறியிருக்கிறது. ஆகவே 45-க்கும் 75-க்கும் நடுவே குணம் சீராக மாறாது, ஓரிடத்தில் கவிழும்.

உங்கள் மாதிரிகளில் 20 சதவீதம் உருண்டைக்கும் உருளைக்கும் நடுவே வேலிமேல் உட்கார்ந்திருக்கிறது. 30 தெளிவாக உருளை. 45 அநேகமாக அடுக்கு. அதாவது நீங்கள் ஒரே பொருளை மூன்று அளவில் அளக்கவில்லை, மூன்று வேறு கட்டமைப்புகளை அளந்திருக்கிறீர்கள். 'அநேகமாக' என்று ஏன் சொல்கிறேன் என்றால், மாதிரியை எப்படிச் செய்தீர்கள் என்பதும் இதில் விளையாடும். கரைப்பானில் கரைத்துப் படலமாக ஊற்றினீர்களா, சூடாக அழுத்தினீர்களா, எக்ஸ்ட்ரூடரில் இழுத்தீர்களா? சைக்ளோஹெக்ஸேன் மாதிரி ரப்பருக்குப் பிடித்த கரைப்பானில் ஊற்றினால் ஸ்டைரீன் முதலில் சுருங்கிவிடும். 30 சதவீத மாதிரிகூட உருண்டை மாதிரி நடிக்கலாம். ஸ்டைரீனின் டிஜிக்கு மேல், 120 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு பதப்படுத்திவிட்டு ஒப்பிடுவதே நியாயம்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணாடிபோல் உறையும் துண்டுகளுக்கு. படிகமாகும் துண்டு வந்தால் விகிதம் வேறு விதமாகப் பேசும். அதற்கு என் விருப்ப உதாரணம் புளூரோனிக் வகைகள்: நடுவே பாலிபுரொப்பிலீன் ஆக்சைடு, இரு முனைகளிலும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. இவற்றின் பெயரிலேயே விகிதமும் வெப்பக் குணமும் எழுதியிருக்கும். எல் என்றால் திரவம், பி என்றால் பசை, எஃப் என்றால் செதில். கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் எத்திலீன் ஆக்சைடு சதவீதம். அதற்கு முந்தைய எண்ணை 300-ஆல் பெருக்கினால் நடுத்துண்டின் எடை. எல்-61, பி-65, எஃப்-68 மூன்றையும் வரிசையாக வையுங்கள். மூன்றிலும் நடுத்துண்டு ஒன்றே, சுமார் 1,800. முனைகள் மட்டும் 10, 50, 80 சதவீதம். முதலாவது ஊற்றலாம், இரண்டாவதை வழிக்கலாம், மூன்றாவது சுமார் 52 டிகிரியில் உருகும் கெட்டிச் செதில். தண்ணீரில் கரைத்தாலும் இதே முரண்தான்: எல்-61-இன் 1 சதவீதக் கரைசல் 24 டிகிரி அருகிலேயே கலங்கிவிடும், எஃப்-68 கொதிநிலை வரை தெளிவாக நிற்கும். எஃப்-127-ஐ 20 சதவீதம் போலக் கரைத்தால் குளிரில் தண்ணீராக ஓடும், உடல் வெப்பத்தில் கூழாக இறுகும். சூடாக்கினால் இளகும் என்ற நம் பழக்கத்துக்கே நேர்மாறு. சூட்டில் நடுத்துண்டு தண்ணீரை வெறுத்து உள்ளே சுருண்டு சின்ன உருண்டைகளாகிறது. அந்த உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு அடுக்கப்படும்போது நகர இடமில்லாமல் போகிறது. மருந்து கலந்த ஊசிக் கூழ்களில் இதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

படிகமாகும் துண்டு சிறுபான்மையாகி உருண்டைகளுக்குள் அடைபட்டால் இன்னும் விசித்திரம். தனியாக இருக்கும் பாலிஎத்திலீன் ஆக்சைடு குளிரும்போது 40 டிகிரி சுமாருக்கே படிகமாகத் தொடங்கிவிடும். ஏதாவது ஒரு தூசி, ஒரு அசுத்தத் துகள் விதையாக இருந்து, அதிலிருந்து படிகம் எங்கும் பரவிவிடும். அதே பொருள் 15 நானோமீட்டர் உருண்டைகளாகச் சிறைப்பட்டால், ஒரு கன சென்டிமீட்டரில் பல நூறு கோடி கோடி உருண்டைகள். அத்தனைக்கும் தூசி எங்கே போவது? ஒவ்வொன்றும் தனக்கான விதையைத் தானே உருவாக்க வேண்டும். அதனால் மைனஸ் 20-க்கும் கீழே போனால்தான் படிகமாகும். சூடாக்கும்போது உருகும் இடம் அவ்வளவு மாறாது. ஆக உருகுவதற்கும் உறைவதற்கும் நடுவே அறுபது எழுபது டிகிரி இடைவெளி வரும். குளிர்விக்கும் ஓட்டத்தைப் பார்க்காமல் சூடாக்கும் ஓட்டத்தை மட்டும் வைத்து முடிவுசெய்கிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

பாலியூரித்தேன், கோபாலியெஸ்டர் எலாஸ்டோமர் மாதிரிப் பலதுண்டு வகைகளில் மட்டும் 'விகிதம் கூடினால் உருகுநிலை கூடும்' என்ற எளிய விதி ஓரளவு செல்லும். அங்கே கெட்டித் துண்டு ஒரே நீளத்தில் கட்டப்படுவதில்லை. கலந்த விகிதத்துக்கு ஏற்பச் சராசரி நீளம் தானாக அமைகிறது. கெட்டிப் பொருளைக் கூட்டினால் துண்டும் நீளும், படிகமும் தடிக்கும், உருகுநிலையும் ஏறும். பாலிபியூட்டிலீன் டெரஃப்தலேட் தனியாக 223 டிகிரி அருகே உருகும். அதை வைத்துச் செய்த எலாஸ்டோமர்கள் மென்மையானதிலிருந்து கெட்டியானது வரை சுமார் 150 முதல் 220 வரை பரவிக் கிடக்கின்றன.

இனி ஓட்டம். உங்கள் கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஸ்டைரீன் திட்டுகள் 100 டிகிரிக்குமேல் இளகிவிட்டன என்று வையுங்கள். 150 டிகிரியில் ரப்பரும் திரவம், ஸ்டைரீனும் திரவம். அப்படியானால் ஓட வேண்டுமே? ஓடாது, அல்லது மிகுந்த பிடிவாதத்தோடு ஓடும். காரணம், இரண்டும் திரவமானாலும் இன்னும் பிரிந்தேதான் இருக்கின்றன. ஒரு சங்கிலி நகர வேண்டுமென்றால் தன் ஸ்டைரீன் முனையை அதன் திட்டிலிருந்து பிடுங்கி, பிடிக்காத ரப்பர் வழியாக இழுத்துப்போய், அடுத்த திட்டில் செருக வேண்டும். அந்தப் பிடுங்கலுக்கான விலை ஸ்டைரீன் துண்டின் நீளத்தோடு ஏறுகிறது. அந்த விலை பாகுநிலையில் எக்ஸ்பொனென்ஷியலாக உட்காருகிறது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். வெறுப்பு எண் 0.05, ஸ்டைரீன் துண்டில் 100 மோனோமர்கள் (சுமார் 10,000 எடை): பெருக்கினால் 5. எக்ஸ்பொனென்ஷியல் 5 என்பது ஏறக்குறைய 150. துண்டை 200 ஆக்கினால் பெருக்கல் 10. அதன் எக்ஸ்பொனென்ஷியல் 22,000. துண்டு இரட்டித்தால் இழுவை சுமார் 150 மடங்கு. ஒரே மோனோமரால் ஆன சாதாரண ஹோமோபாலிமரில் எடை இரட்டித்தால் பாகுநிலை 3.4 அடுக்கு விதிப்படி பத்துப் பதினொரு மடங்குதான் ஏறும். இது தோராயம்தான், ஆனால் 20-க்கும் 45-க்கும் நடுவே உங்கள் எண்கள் ஏன் தாவின என்பதற்கு இது போதும்.

எஸ்பிஎஸ் பாய்வியலில் எல்லோரும் திரும்பத் திரும்பக் காட்டும் ஒரு மாதிரி உண்டு: 7,000–43,000–7,000 என்ற துண்டு எடைகள் கொண்டது, ஸ்டைரீன் கால்வாசி. 1970-களில் அதை அளந்தவர்கள் கண்டது இது: 140 டிகிரி சுமாருக்குக் கீழே, ஷியர் வேகத்தை (பொருளைச் சறுக்கி இழுக்கும் வேகத்தை) குறைக்கக் குறைக்கப் பாகுநிலை ஏறிக்கொண்டே போனது, எங்கும் சமநிலைக்கு வரவில்லை. அந்த வெப்பநிலையைத் தாண்டியதும் அதே பொருள் வேகம் மாறினாலும் பாகுநிலை மாறாத சாதாரண நியூட்டனியத் திரவமாக நடந்துகொண்டது. டிஎஸ்சியில் அந்த இடத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியாது. ஸ்டைரீனின் டிஜி எப்போதோ கடந்தாகிவிட்டது. இது வேறு மாற்றம்: திட்டுகளே கரைந்து இரண்டும் ஒன்றாகக் கலக்கும் இடம், ஒழுங்கு குலையும் வெப்பநிலை. வெப்ப அளவீடு என்னென்ன பகுதிகள் இருக்கின்றன என்று சொல்கிறது. அவை இன்னும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று சொல்வது ஓட்ட அளவீடு. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிளாக் கோபாலிமரைப் பற்றிப் பேச முடியாது என்பது என் கட்சி.

இந்த இடத்தைப் பிடிக்க, ஓட்டத்தையும் விறைப்பையும் அளக்கும் ரியோமீட்டரில் குறைந்த அதிர்வெண், சின்னத் திரிபு வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி போல மெதுவாக ஏற்றுங்கள். ஒழுங்கு குலையும் இடத்தில் சேமிப்பு மாடுலஸ் (மீள்விறைப்பின் அளவு) செங்குத்தாக விழும். அப்புறம் நிலையான வெப்பநிலையில் அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள். மடக்கை அளவில் வரைந்தால் குறைந்த அதிர்வெண் முனையின் சரிவு கட்டமைப்பைச் சொல்லிவிடும். கலந்துபோன திரவமென்றால் சேமிப்பு மாடுலஸ் அதிர்வெண்ணின் வர்க்கமாகப் போகும். அடுக்குகள் என்றால் சரிவு 0.5 அருகே. உருளைகள் என்றால் மூன்றில் ஒன்று போல. ஒழுங்காக அடுக்கப்பட்ட உருண்டைகள் என்றால் தட்டையான கோடு, தொட்டால் திடப்பொருள் மாதிரி. ஆனால் அந்த உருண்டைத் திடம் ஓர் எல்லைக்குமேல் அழுத்தினால் சட்டென்று விட்டுக்கொடுத்து ஓடும். ஜைராய்டு மட்டும் விட்டுக்கொடுக்காது, முப்பரிமாண வலை எந்தத் திசையிலும் வழுக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் உருளையையும் அடுக்கையும்விட விறைப்பாக நிற்கும். ஸ்டைரீன் கூடிய அடுக்கு மாதிரி, ஸ்டைரீன் குறைந்த ஜைராய்டைவிட இளகலாக ஓடுவது சாத்தியம். சராசரி போட்டுப் பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

ஸ்டைரீன் சதவீதம் ஒன்றாக இருந்தும் ஓட்டம் வேறாவதும் உண்டு. இரண்டு பாதிச் சங்கிலிகளை நடுவில் கொக்கிபோட்டு இணைத்துத்தான் பல வணிக எஸ்பிஎஸ், எஸ்ஐஎஸ் (நடுவே ஐசோப்ரீன்) வகைகளைச் செய்கிறார்கள். இணையாமல் தப்பிய பாதிகள் இருதுண்டுச் சங்கிலிகளாக மிஞ்சிவிடும். வேதி அமைப்பைக் காட்டும் என்எம்ஆரில் விகிதம் துளியும் மாறாது. ஆனால் இருதுண்டுச் சங்கிலிக்கு ஒரு முனையில்தான் ஸ்டைரீன். இரண்டு திட்டுகளுக்குப் பாலம் போட அதனால் முடியாது. அது கூடினால் பாகுநிலை இறங்கும், இழுவிசை வலிமையும் இறங்கும், ஒட்டும் தன்மை ஏறும். பசை நாடாக்காரர்கள் வேண்டுமென்றே அதை விட்டுவைக்கிறார்கள். உங்கள் மூன்று மாதிரிகளும் இணைப்பு முறையில் வந்தவை என்றால், மூலக்கூறு எடைப் பரவலைக் காட்டும் ஜிபிசியில் பாதி எடையில் ஒரு சின்ன உச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நடுத்துண்டை ஹைட்ரஜனேற்றி எஸ்ஈபிஎஸ் ஆக்கினாலும் இதே கதை. ஸ்டைரீன் சதவீதம் ஏறக்குறைய அப்படியே. வெறுப்பு எண் மட்டும் பெரிதாகிறது. ஒழுங்கு குலையும் இடம் பொருள் சிதையும் வெப்பநிலைக்கும் அப்பால் போய்விடுகிறது. அதனால்தான் உயர் எடை எஸ்ஈபிஎஸ்ஸை எண்ணெய் ஊற்றாமல் பதப்படுத்துவது பெரும்பாடு. சிலவற்றின் தரவுத்தாளில் எம்எஃப்ஐ (உருக்கு ஓட்ட எண்) கட்டத்தில் 'ஓடவில்லை' என்றே போட்டிருப்பார்கள். ஓடும் வகைகளிலும் எம்எஃப்ஐயை நான் பெரிதாக மதிப்பதில்லை: விட்டுக்கொடுக்கும் அழுத்தம் உள்ள ஒரு பொருளுக்கு ஒரே எடை வைத்து எடுத்த ஒரே எண் என்ன சொல்லிவிட முடியும்?

ஓர் எச்சரிக்கை, சொந்த அடியில் கற்றது. எஸ்பிஎஸ் மாதிரியை 220 டிகிரியில் ரியோமீட்டரில் விட்டுவைத்திருந்தேன். அரை மணியில் சேமிப்பு மாடுலஸ் மெதுவாக ஏறத் தொடங்கியது. புதிய கட்டமைப்பு ஒழுங்காகிறது என்று குறிப்பேட்டில் ஆச்சரியக்குறியோடு எழுதிவைத்தேன். வெளியே எடுத்து டொலுவினில் போட்டால் கரையவில்லை. ஜெல்லாகப் பருத்துக் கிடந்தது. நடுத்துண்டின் இரட்டைப் பிணைப்புகள் சூட்டில் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டிருக்கின்றன. எஸ்ஐஎஸ்ஸாக இருந்திருந்தால் நேரெதிர்: ஐசோப்ரீன் சங்கிலி வெட்டுப்பட்டு மாடுலஸ் இறங்கியிருக்கும், அதை 'ஒழுங்கு குலைகிறது' என்று எழுதியிருப்பேன். நைட்ரஜன் ஓட்டமும் ஆன்டி ஆக்சிடன்டும் இல்லாமல் 200-க்குமேல் போகாதீர்கள். ஏற்றிய பிறகு பழைய வெப்பநிலைக்கே இறக்கி, முதல் எண் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் மாதிரிகளுக்கே திரும்பினால், நான் எதிர்பார்ப்பது இது. 170 டிகிரியில் அதிர்வெண் ஓட்டம் எடுங்கள். 45 சதவீத மாதிரி 0.5-ஐ ஒட்டிய சரிவோடு வரும். ஸ்டைரீன் துண்டு 22,000-க்குமேல் இருப்பதால் எட்டக்கூடிய வெப்பநிலைக்குள் ஒழுங்கு குலையாது. 30 சதவீதம் மூன்றில் ஒன்றை ஒட்டி இருக்கும். மூன்றில் முதலில் ஒழுங்கு குலைய வாய்ப்புள்ளது 20 சதவீத மாதிரிதான்: துண்டும் குட்டை, விகிதமும் ஓரமாகச் சாய்ந்தது. அதில் மட்டும் வெப்பநிலையை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். மாடுலஸ் விழுந்தால், அந்த இடத்துக்கு இருபுறமும் சேமிப்பு மாடுலஸையும் இழப்பு மாடுலஸையும் (ஓட்டத்தில் வீணாகும் ஆற்றலின் அளவு) மடக்கை அளவில் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வரைந்து பாருங்கள். மேலே உள்ள வெப்பநிலைகளின் கோடுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கீழே உள்ளவை விலகி நின்றால், ஒழுங்கு குலைந்த இடம் அதுதான். விழவே இல்லை என்றால், அந்த மாதிரியின் ஜிபிசி வரைபடத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். எழுதியிருக்கும் 1 லட்சத்தைவிட எடை கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.